முருகேசுவின் கிணற்றுக்கு ஒரு மாதத் தவணை

புத்தூர் கிழக்கு
14.03.1984

அன்பின் அத்தான்,

போன ஆவணியில் வாசற் படலையடியில் நின்று என்னோடு சண்டை பிடித்துவிட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு திரும்பவும் கொழும்புக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. இப்போதும் சமாதானம் கதைக்க எழுதவில்லை. நீங்கள் பெரிய கிளாக்கராக இருக்கிற வெடிமருந்து அனுமதிச் சபை எனக்கு ஒரு கட்டளை அனுப்பியிருக்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

வடக்கில் கிணறு வெட்ட வெடி வைக்கிற அனுமதிக்காரர் எல்லாரும் இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குள் அனுமதிப் பத்திரத்தையும் கையிலுள்ள மருந்தையும் பொலிசில் ஒப்படைக்க வேண்டுமாம். தவறினால் அனுமதி ரத்து, வழக்கு, மறியற்சாலை. நல்லது. ஒப்படைக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சனியனை வீட்டில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ள எனக்கும் விருப்பமில்லை. ஒப்படைக்க இன்னும் ஒரு மாதத் தவணை வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் முருகேசுவின் கிணறு. எங்கள் வளவுக்குப் பின்னால் புகையிலைத் தோட்டம் செய்கிறானே, அவன்தான். பதினைந்து அடி இறங்கியும் தண்ணீர் காணவில்லை. அடியெல்லாம் சுண்ணாம்புக் கல். போன செவ்வாய்க்கிழமை ஏழு குழி துளைத்து, மருந்து வைத்து, திரி கொளுத்திவிட்டு மேலே வந்தேன். மேலே வந்தால் எங்கள் வேலை எண்ணுவது. ஏழு குழிக்கு ஏழு சத்தம் கேட்க வேண்டும். ஆறு கேட்டால் ஒரு குழி உள்ளே உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்குமட்டும் வேறு ஒருவரும் இறங்கக் கூடாது. என்னைப் பழக்கியவர் அடித்துச் சொல்லித் தந்த முதல் பாடம் இது.

நாலு எண்ணினேன். ஐந்தாவதுக்குக் காதைக் கொடுக்கும்போது பருத்தித்துறை றோட்டில் ஆமி லொறிகள் சுட்டுக்கொண்டு வந்தன. என் வெடியைக் கேட்டு வெருண்டு சுட்டார்களா, சும்மா பொழுதுபோக்காகச் சுட்டார்களா, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டது. சந்திக்கு ஓடினேன். தேங்காய் வியாபாரி தம்பிஐயா சைக்கிளோடு விழுந்து கிடந்தார். வயிறு திறந்து குடல் மண்ணில் கிடந்தது. அள்ளி உள்ளே வைத்து என் சால்வையால் இறுக்கிக் கட்டினேன். முடிச்சுப் போட முன்னம் மனிசன் முடிந்துவிட்டார். தேங்காய்கள் றோட்டெல்லாம் உருண்டு கிடந்தன. அதைப் பொறுக்கவும் நாலு பேர் வந்தார்கள், கேட்டீர்களா?

திரும்பி வந்தால் முருகேசு சொல்கிறான், “ஏழும் வெடிச்சது அருளம்பலம், நான் எண்ணினனான்.” அவன் எண்ணியது ஆமியின் வெடியை. நான் மூன்றுதான் கொளுத்தியிருந்தாலும் அவனுக்கு ஏழு கேட்டிருக்கும்.

இப்போது கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு உடைந்த கல் குவிந்து கிடக்கிறது. அலவாங்கு போட்டு நெம்ப ஏலாது, இரும்பு பட்டால் வெடித்துவிடும். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கையால் ஒவ்வொரு கல்லாக எடுக்க வேண்டும். வெடித்த குழியின் வாய் சிதறிக் கிடக்கும். வெடிக்காததின் வாயில் நான் அடைத்த களிமண் அப்படியே இருக்கும். அப்படி ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னொரு குழி துளைத்து, கையிலுள்ள மருந்தால்தான் அதை வெடிக்க வைக்க வேண்டும். மருந்தைப் பொலிசில் கொடுத்துவிட்டு நான் என்ன, வாயால் ஊதி வெடிக்க வைப்பதா?

அடுத்த மாதம் முடியுமட்டும் தவணை எடுத்துத் தாருங்கள். அக்காவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அருளம்பலம்


வெள்ளவத்தை
22.03.1984

தம்பி அருளம்பலத்துக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன். இனிமேல் இப்படி எழுதாதே. தபாலை யார் யார் பிரிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது.

“எரிச்சவங்களிட்டையே சம்பளம் வாங்கப் போறியளோ?” என்று அன்றைக்குப் படலையடியில் ஊர் கேட்கக் கேட்டாயே, அதை நான் மறக்கவில்லை. போகாமல் என்ன செய்வது? எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. உன்னைப்போலத் தனிக்கட்டை இல்லை நான்.

போன ஆடிக் கலவரத்தில் இங்கே நடந்ததை உனக்கு முழுவதும் சொல்லவில்லை. கீழ்வீட்டு நீக்கிலாப்பிள்ளை மாஸ்டரை வாசலில் இழுத்து வைத்துக் கழுத்தில் டயரைப் போட்டுக் கொளுத்தினார்கள். அந்த மனிதர் கீழேயிருந்து என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நானும் உன் அக்காவும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றோம். அவள் வாயை என் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். சத்தம் அடங்க வெகுநேரம் எடுத்தது. இப்போதும் கந்தோரில் யாராவது “கனகரத்தினம்” என்று உரத்துக் கூப்பிட்டால் எனக்குச் சலம் போய்விடும்போல இருக்கும்.

அந்தக் கந்தோரில் மிஞ்சியிருக்கிற தமிழன் நான் ஒருவன்தான். புத்தூரில் ஒருவன் வெடிமருந்தைத் திருப்பித் தராமல் தவணை கேட்கிறான், அவன் என் மனைவியின் தம்பி என்று நான் போய்ச் சொல்ல வேண்டும், அப்படித்தானே? அதுவும் எதற்கு? வெடித்ததா இல்லையா என்று உனக்கே நிச்சயமில்லாத ஒரு குழிக்கு.

சபைக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் அனுப்பு. உறவைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது.

கனகரத்தினம்

பி.கு. அக்கா இரவிலும் ஓட ஆயத்தமாக வெளிக்கிடுகிற சேலையோடுதான் படுக்கிறாள். மற்றப்படி சுகம்.


புத்தூர் கிழக்கு
06.04.1984

அன்பின் அத்தான்,

நீங்கள் சொன்னபடி, சொந்தமில்லை பந்தமில்லை என்று ‘கனம் ஐயா’ போட்டு விண்ணப்பம் அனுப்பினேன். பதில் இல்லை. நாளும் போய்விட்டது. முப்பத்தோராம் திகதி அனுமதிப் பத்திரத்தையாவது கொடுத்துவிடுவோம் என்று பொலிசுக்குப் போனேன். நீங்கள் ஒப்படைக்கச் சொன்ன பொலிஸ் நிலையத்துக்குக் கூரை இல்லை. முதல்நாள் இரவு இயக்கப் பெடியள் குண்டு வைத்துவிட்டார்கள். ஒரு பொலிஸ்காரனின் கால், சப்பாத்தோடு வேப்பமரக் கொப்பில் தொங்கியது. ஆரிடம் ஒப்படைப்பது, அந்தக் காலிடமா?

மறுநாள் பெடியள் என்னிடமே வந்தார்கள். மூன்று பேர், மீசை சரியாக முளைக்கவில்லை.

“அண்ணை, உங்களிட்டை இருக்கிற மருந்தைத் தாங்கோ.”

“அது கிணத்துக்கு வைச்சிருக்கிறன், தம்பி.”

“நாடு பெரிசோ கிணறு பெரிசோ?”

“கிணத்துக்கை இறங்கிச் சாகப்போறவனுக்குக் கிணறுதான் பெரிசு.”

அதற்குமேல் கதையில்லை. துவக்குப் பிடியால் வாயில் அடித்தான். முன்பல் இரண்டும் போய்விட்டன. தரையில் போட்டு விலாவில் உதைத்தார்கள். எல்லாம் பொலிசில் கொடுத்தாகிவிட்டது என்று பொய் சொன்னேன். வீட்டைக் கிண்டிவிட்டு, அடுத்தமுறை நெற்றியில் வெடி விழும் என்று சொல்லிப் போனார்கள். மருந்து மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குள் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சாணி நாற்றம் அவர்களுக்குப் பிடிக்காதோ என்னவோ.

ஆக, உங்கள் சபை வழக்குப் போடப் பார்க்கிறது. பெடியள் சுடப் பார்க்கிறார்கள். ஆமிக்குத் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்து ஊரில் வெடிச்சத்தம் கேட்ட கிணற்றடிக்கு ஜீப்பில் வந்து, வேலை செய்த இருவரையும் சுட்டு அந்தக் கிணற்றுக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போனார்கள்.

நான் விடிய இறங்கி, விலா நோகுமட்டும் கல் எடுக்கிறேன். கூலிக்கு ஒருவரும் வருகிறார்களில்லை. ஏழில் மூன்று குழி கண்டேன், மூன்றும் வெடித்தவை. இன்னும் நாலு கல்லுக்குக் கீழே கிடக்கின்றன. முருகேசு மேலே நின்று, “அலவாங்கைப் போட்டுக் கெதியா முடி” என்று கத்துகிறான். என் விண்ணப்பம் என்னவாயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள். தவணைக் கடிதம் கையில் இருந்தால் ஆமி கேட்டாலும் காட்டலாம். அது ஒன்றுதான் எனக்குத் தாயத்து.

அருளம்பலம்


வெள்ளவத்தை
18.04.1984

தம்பிக்கு,

நேற்றுச் சபை கூடியது. உன் விண்ணப்பத்தை மற்றக் காகிதங்களோடு நான்தான் மேசையில் வைத்தேன். ஒளிக்கவில்லை, கிழிக்கவில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

தலைவர் வாசித்தார். பழைய எஞ்சினியர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. “வெடிக்காத குழியை விட்டுவிட்டு வரச் சொல்ல முடியாதுதான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இந்த மனிதனை உமக்குத் தெரியுமா? உங்கள் ஊர்ப்பக்கம்தானே? தெரிந்த ஒருவர் பொறுப்புச் சொன்னால் ஒரு மாதம் கொடுக்கலாம்” என்று கேட்டார்.

மேசையைச் சுற்றி ஆறுபேர் இருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சிலிருந்து வந்தவர் பேனாவை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியாது என்று சொன்னேன்.

வேறென்ன சொல்ல? நீ என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. திகதி தவறியவர்களின் பெயர்கள் அமைச்சுக்குப் போய்விட்டன. மருந்தைத் தொண்டைமானாற்றில் எறிந்துவிட்டு இன்றைக்கே எங்கேயாவது போய்விடு. கிணற்றை முருகேசு பார்த்துக்கொள்ளட்டும். அது அவன் காணி.

வீட்டில் வந்து சொன்னேன். அக்கா கையிலிருந்த சோற்றுக் கோப்பையை நிலத்தில் அடித்தாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கிறாளில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் தந்தி அடி.

கனகரத்தினம்


தடுப்பு முகாம்
மாசி, 1985

அன்பின் அத்தான்,

இந்தக் கடிதத்தை என் சொல்லுக்கு எழுதுகிறவர் கொழும்புத்துறை இன்னாசித்தம்பி. கடலுக்குப் போன இடத்தில் பிடிபட்டவர், என் பக்கத்துப் பாயில் படுப்பவர். என் விரல்கள் பேனா பிடிக்கிற நிலையில் இல்லை. விடுதலையாகிப் போகிற ஒருவர் உள்ளாடைக்குள் வைத்துக் கொண்டு வருவார். அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் கிடைத்த அன்று பின்னேரமே பிடித்தார்கள். கிணற்றுக்குள் இருந்தேன். மேலே ஏறு என்றார்கள், ஏறினேன். கொட்டிலில் மருந்தைக் கண்டதும் என்னை மாட்டுக் கயிற்றில் கட்டி லொறிக்குப் பின்னால் சந்திமட்டும் இழுத்தார்கள். பிறகு இருட்டறை. எந்த இயக்கத்துக்கு வைத்திருந்தாய் என்று ஒரே கேள்வி. கிணற்றுக்கு என்று ஒரே பதில். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு விரலை மேசை விளிம்பில் வைத்து இரும்புக் குழாயால் அடித்தார்கள். தலைகீழாய்த் தொங்கவிட்டு மிளகாய்ப் புகை பிடித்தார்கள். சபையிடம் தவணை கேட்டேன், விசாரித்துப் பாருங்கள் என்று கத்தினேன். விசாரித்தார்களாம். அப்படி ஒருவனைச் சபையில் ஒருவருக்கும் தெரியாதாம்.

உங்களைத் திட்டுவதற்கு இந்தக் காகிதம் காணாது. அதை விடுவோம்.

நான் ஐந்து குழி பார்த்துவிட்டேன். ஐந்தும் வெடித்தவை. கிழக்குப் பக்கம் இரண்டு கல்லுக்குக் கீழே இருக்கின்றன. அந்த இரண்டையும் ஒருவரும் பார்க்கவில்லை. முருகேசுவை எனக்குத் தெரியும். என்னைப் பிடித்த பயத்தில் இவ்வளவு நாளும் சும்மா இருந்திருப்பான், மழைத் தண்ணீர் வற்றியதும் அலவாங்கோடு இறங்குவான். சபையிடம் திரும்பவும் கேளுங்கள். அனுமதியுள்ள வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். அது நடக்குமட்டும் ஒரு குஞ்சும் அந்தக் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. அக்காவிடம் சொல்லுங்கள், அவள் சொன்னால் ஊர் கேட்கும். இதை மட்டும் செய்யுங்கள் அத்தான், காலில் விழுந்து கேட்கிறேன்.

அருளம்பலம்

ஐயா, இது இன்னாசித்தம்பி நானாக எழுதுவது. இவர் நித்திரையிலும் எண்ணுகிறார். நாலுமட்டும் எண்ணிவிட்டு எழும்பிவிடுகிறார்.


வெள்ளவத்தை
30.03.1985

தம்பி,

இது உன் கைக்கு வருமோ தெரியாது. முகாமுக்கு உடுப்புக் கொண்டுபோகிற பெண்ணிடம் கொடுத்துவிடுகிறேன்.

கடிதத்தை அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். குழாயால் அடித்த இடத்தை மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவள் கையிலிருந்து பறித்துத் தானே வாசித்தாள். ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு அன்றைக்கே வெளிக்கிட்டாள். “அவனைத் தெரியாத ஆளோடை எனக்கு என்ன குடும்பம்?” என்று படியில் நின்று கேட்டாள். புத்தூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளென்று ஒரு தபாலட்டை வந்தது. கிணற்றைச் சுற்றி முள்ளு அடைத்துவிட்டாளாம். முருகேசு காறித் துப்பினானாம். எனக்கென்று ஒரு வரியும் இல்லை.

சபையில் கேட்டேன். இந்தமுறை வாய் திறந்து, அவன் என் மைத்துனன் என்றே சொன்னேன். அனுமதி ரத்தான பிறகு அந்த அனுமதியின் கீழ் நடந்த வேலைக்குத் தவணையும் இல்லை, மாற்று ஆளும் இல்லை என்று பதில். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. என்னை ஒருவரும் அடிக்கவில்லை. பைலை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று யோசித்தால் எனக்குச் சாப்பாடு இறங்குகிறதில்லை.

கனகரத்தினம்


புத்தூர் கிழக்கு
11.06.1986

அருளம்பலம்,

நான் இப்போது உங்கள் ஊரில் இருக்கிறேன். உன் அக்கா பராசக்தி போய்விட்டாள்.

வைகாசி தொடக்கத்தில், பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஷெல் அடித்தார்கள். மேலே ஹெலியும் சுட்டதாம். வேலிக்கு அப்பால் பதுங்கிக் கிடந்த ஊர் ஆட்கள் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். அந்தப் பக்கத்தில் பதுங்குகுழி ஒன்றும் இல்லை. முருகேசு பெண்சாதியையும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினான். முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏணியை இறக்கினான். பதினைந்து அடி ஆழம், சுற்றிவரக் கல். அதைவிடக் காவல் எங்கே கிடைக்கும்? உன் அக்கா பின்னால் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“என்ரை தம்பி விரல் முறிஞ்ச கையோடை சொல்லி விட்டவன். ஒருத்தரும் இறங்கேலாது!”

முருகேசு அவளைக் கன்னத்தில் அறைந்தான். விழுந்தவள் எழும்பி, ஏணியை இழுத்து எடுத்துத் தூர எறிந்துவிட்டாள். அடுத்த ஷெல் கிட்ட விழவும் எல்லாரும் புகையிலைக் குடிலுக்குள் ஓடினார்கள். சின்னப் பெட்டையை உன் அக்காதான் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். ஷெல் குடிலின் நடுமுகட்டில் விழுந்தது.

ஐந்து பேர். நான் வந்து சேர எல்லாம் முடிந்துவிட்டது. எது ஆர் என்று பிரிக்க முடியாமல் ஒரே சிதையில் வைத்துக் கொளுத்தினார்கள். தாலிக்கொடியை ஒரு கடதாசியில் சுற்றித் தந்தார்கள். அதில் தசை ஒட்டியிருந்தது. நான் கழுவவில்லை.

பிறகு நான் கிணற்றுக்குள் இறங்கினேன். வேலைக்குத் திரும்பிப் போகவில்லை, போகவும் மாட்டேன். நான் எரித்த உன் முதல் கடிதத்தில் இருந்தபடி தண்ணீர் ஊற்றி ஊற்றி, கையால் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கடகத்தில் போட்டு ஏற்றினேன். ஷெல் அடிக்கிற நாளிலும் இறங்கினேன். வெடித்தால் வெடிக்கட்டும் என்றுதான் இறங்கினேன். இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது. கை நகம் நாலு கழன்றுவிட்டது. கிழக்குப் பக்கத்து இரண்டு குழியையும் கண்டேன். இரண்டும் வாய் சிதறிக் கிடந்தன. களிமண் இல்லை, மருந்து இல்லை. ஏழும் அன்றைக்கே வெடித்துவிட்டன. முருகேசு எண்ணியது சரி.

அந்தக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் ஐந்து பேரும் இன்றைக்கு இருப்பார்கள். உனக்கு நிச்சயமில்லை என்று நான் முதலே எழுதினேன். நிச்சயமில்லாத ஒன்றை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லிவிட்டாய்? அவள் உன் சொல்லை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு செத்துப்போனாள். நீ அவளைக் கொன்றுவிட்டாய். எனக்குப் பதில் எழுது. எழுதாமல் இராதே.

கனகரத்தினம்


தடுப்பு முகாம்
ஆடி, 1986

அத்தான்,

நானே எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும். இன்னாசித்தம்பியைப் போன மாதம் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள், திருப்பிக் கொண்டுவந்து பாயில் போட்டபோது உயிர் இல்லை.

அக்கா என் சொல்லால்தான் செத்தாள். ஓம். நான் அதை மறுக்க மாட்டேன். உங்கள் கடிதத்தை வாசித்த அன்று சுவரில் தலையை மோதினேன். நாலுபேர் பிடித்து வைத்திருந்தார்கள். சின்ன வயதில் நான் மரத்தால் விழுந்தபோது இடுப்பில் சுமந்துகொண்டு வைத்தியரிடம் ஓடினவள் அவள். அவளை எரிக்க ஒரு முழு உடம்பு கூட மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முருகேசுவின் பெட்டைகள் இரண்டும் நான் கல் எடுக்கும்போது மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “மாமா, தண்ணி வந்திட்டுதோ?” என்று கேட்பார்கள்.

ஏழும் வெடித்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். கல்லை எடுத்து, உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது என்கிறீர்கள். அத்தான், அப்படி இறங்கிப் பார்க்கத்தான் நான் உங்களிடம் ஒரு மாதம் கேட்டேன்.

அருளம்பலம்